ட்ரோக்பா போரை நிறுத்தினாரா? அவருடைய ஆட்டமும் அவர் ஊருக்குச் செய்ததும்

வலைக்குப்பின்னால் எழுதியது:

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டின் கால்பந்து வீரர் டிடியே ட்ரோக்பாவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே வரி வந்து விழுகிறது: ஒரே பேச்சில் தன் நாட்டின் உள்நாட்டுப் போரை நிறுத்தியவர். நானும் பல வருடம் இதை அப்படியே நம்பிச் சொல்லி வந்தவன்தான். அந்தப் பேச்சின் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் ஐவரி கோஸ்ட்டின் கதையை வாசிக்க வாசிக்க, அந்த வரி அவர் செய்ததைச் சுருக்கிவிடுகிறது என்று தோன்றியது. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2005 அக்டோபர் 8. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி நாள். ஐவரி கோஸ்ட் சூடானில், ஓம்துர்மான் நகரில் ஆடியது. ஜெயித்தாலும் போதாது, அதே நேரத்தில் யாவுண்டேயில் எகிப்துடன் ஆடும் கேமரூன் ஜெயிக்காமல் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்புதான் அபிஜானில், சொந்த மண்ணில், ட்ரோக்பா இரண்டு கோல் அடித்தும் கேமரூனிடம் 3-2 என்று தோற்றிருந்தார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓம்துர்மானில் 3-1 என்று ஜெயித்தார்கள். யாவுண்டேயில் ஆட்டம் 1-1. கூடுதல் நிமிடங்களில் கேமரூனுக்கு பெனால்ட்டி. பியேர் வோமே அடித்த பந்து கம்பத்தில் பட்டுப் போனது. அந்த ஒரு கம்பத்தால்தான் ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது.

அப்புறம் உடைமாற்றும் அறை. ட்ரோக்பா மைக்கைப் பிடித்து, வடக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என்று எல்லா மக்களையும் அழைத்து, நாங்கள் எல்லோரும் ஒன்றாக ஆடுகிறோம், நீங்களும் ஒருவரையொருவர் மன்னித்து ஆயுதங்களைக் கீழே வையுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கேட்டார். வீரர்கள் எல்லோரும் முழங்காலிட்டார்கள்.

என் கருத்து இதுதான்: அது ஒரு வேண்டுகோள். அதைவிடப் பெரிய காரியத்தை அவர் இருபது மாதம் கழித்து புவாக்கே நகரில் செய்தார். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலச்சட்டை எழுதியது:

நண்பரே, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் உடன்படவில்லை. ஒரு நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நேரடி ஒளிபரப்பில் ஒரு கால்பந்து வீரர் முழங்காலிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அது வெறும் வேண்டுகோளா? அரசியல்வாதிகள் மூன்று வருடமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்ய முடியாததை, ஒரு நிமிடத்தில் மக்கள் மனதுக்குள் கொண்டுபோனார். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. ஒரு தலைமுறை அதைப் பார்த்து வளர்ந்தது.

போர் அன்றே நின்றதா என்று கேட்டால், சரி, அது மிகைதான். ஆனால் அந்த மிகைக்குள் ஒரு உண்மை இருக்கிறது.

வரைபடம் எழுதியது:

இருவருக்கும் நடுவில் கொஞ்சம் வரலாறு போடுகிறேன். இது தெரியாமல் அந்தக் காணொளியைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

1990களில் ஐவரி கோஸ்ட் அரசியலில் "இவ்வாரித்தே" என்ற சொல் வந்தது. யார் உண்மையான ஐவரி கோஸ்ட் குடிமகன் என்று பிரித்துப் பார்க்கும் சொல். வடக்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், மாலி, புர்க்கினா பாசோ பக்கம் உறவுமுறை உள்ளவர்கள். கோகோ தோட்டங்களில் வேலை செய்ய வந்த பல குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கேயே இருக்கின்றன. திடீரென்று அவர்களைப் பார்த்து, உன் அப்பா எங்கே பிறந்தார், காகிதத்தைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள். வடக்கைச் சேர்ந்த அலசான் வட்டாராவை 2000 அதிபர் தேர்தலில் நிற்கவே விடவில்லை. 2002 செப்டம்பரில் கலகம் வெடித்தது. நாடு இரண்டாகப் பிளந்தது. தெற்கு அதிபர் லோரான் பாக்போவிடம், வடக்கு கிளர்ச்சிப் படையிடம். கிளர்ச்சிக்காரர்களின் தலைமையிடம் புவாக்கே.

இதில் ட்ரோக்பா எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் பெத்தே இனத்தவர். பாக்போவும் பெத்தேதான். அதே அணியில் கோலோ தூரே, யாயா தூரே சகோதரர்கள் புவாக்கேயில் பிறந்தவர்கள். ஒரே சட்டை போட்டு ஆடிய இந்தப் பையன்களின் ஊர்களுக்கு நடுவே ஐநா படை காவல் நின்றது. ஆகவே "நாங்கள் ஒன்றாக ஆடுகிறோம்" என்று அவர் சொன்னது மேடை வசனம் கிடையாது. பக்கத்தில் முழங்காலிட்டவர்களைக் காட்டிச் சொன்ன சாட்சி.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 2005 அக்டோபரில் சண்டை உச்சத்தில் இருக்கவில்லை. 2003 ஜனவரியிலேயே ஒரு ஒப்பந்தம் ஆகியிருந்தது. 2004 நவம்பரில் அரசு விமானங்கள் புவாக்கேயைக் குண்டுவீசித் தாக்கியபோது ஒன்பது பிரெஞ்சுப் படைவீரர்கள் இறந்து, எல்லாம் மறுபடி பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு போரும் இல்லை, சமாதானமும் இல்லை என்ற இழுபறி. அந்த அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலும் தள்ளிப்போயிருந்தது. அந்த மூச்சுமுட்டலில்தான் அவர் பேச்சு வந்தது.

புதுப்பந்து எழுதியது:

நான் இந்தப் பக்கத்துக்குப் புதியவள். ட்ரோக்பா ஆடிய காலத்தில் நான் சின்னப் பிள்ளை. புவாக்கேயில் என்ன செய்தார் என்று யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

வலைக்குப்பின்னால் எழுதியது:

சொல்கிறேன் தங்கச்சி. இதற்காகத்தான் இழையே தொடங்கினேன்.

2006ஆம் ஆண்டின் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது ட்ரோக்பாவுக்குக் கிடைத்தது. சாதாரணமாக என்ன செய்வார்கள்? தலைநகரில் ஊர்வலம், அதிபருடன் புகைப்படம். அவர் அந்த விருதைக் கிளர்ச்சிக்காரர்களின் நகரமான புவாக்கேக்கே எடுத்துக்கொண்டு போனார். 2007 மார்ச் 4ஆம் தேதிதான் புர்க்கினா பாசோவின் தலைநகர் உவாகடூகுவில் பாக்போவும் கிளர்ச்சித் தலைவர் கியோம் சோரோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மை கூடக் காயவில்லை. அந்த நேரத்தில் அங்கே போய், மடகாஸ்கருக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதி ஆட்டம் அபிஜானில் இல்லை, இங்கேதான் என்ற செய்தியைச் சொன்னார்.

ஜூன் 3, 2007. ஐந்து வருடமாக அரசு ஆட்கள் நுழைய முடியாதிருந்த நகரத்துக்குள் தேசிய அணி வந்து இறங்கியது. அரசு ராணுவத்தாரும் கிளர்ச்சிப் படையினரும் ஒரே அரங்கத்தில். தூரே சகோதரர்களுக்குப் பிறந்த ஊர். ஆட்டம் 5-0. ஐந்தாவது கோல் ட்ரோக்பாவுடையது.

நான் ஏன் இதைப் பெரிதாக நினைக்கிறேன் தெரியுமா? 2005இல் அவர் தன் அணியின் அறைக்குள், நண்பர்கள் சூழ, ஜெயித்த மகிழ்ச்சியில் பேசினார். புவாக்கேயில் ஏதாவது தப்பாக நடந்திருந்தால்? கூட்டத்தில் ஒருவன் துப்பாக்கியை எடுத்திருந்தால்? பாக்போ ஊர்க்காரன் எங்களை ஏமாற்ற வந்திருக்கிறான் என்று யாராவது கல்லெறிந்திருந்தால்? எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்திருக்கும். தெரிந்தே போனார். சேர்ந்து ஆடுகிறோம் என்று வாயால் சொன்னதை, எதிர்த்தரப்பின் மண்ணில் 90 நிமிடம் ஆடிக் காட்டினார்.

புதுப்பந்து எழுதியது:

நன்றி அண்ணா. அந்த ஆட்டத்தின் காட்சிகளை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கோலைவிட கூட்டத்தின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலச்சட்டை எழுதியது:

சரி, புவாக்கே விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். முதல் பேச்சு இல்லையென்றால் இரண்டாவதுக்குக் கதவு திறந்திருக்காது.

ஆனால் ஒன்று. இந்த இழை முழுக்க அரசியலாகவே போனால் எனக்கு மனசு ஆறாது. அவர் ஆட்டத்தால்தான் அந்தக் குரலுக்கு எடை வந்தது. நான் அவர் ஆடிய லண்டன் கிளப் செல்சியின் ரசிகன், என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2004இல் பிரான்சின் மார்சே கிளப்பிலிருந்து 2.4 கோடி பவுண்டுக்கு வந்தார். 381 ஆட்டம், 164 கோல். நான்கு லீக் பட்டங்கள். லீகில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி இரண்டு முறை: 2006-07இல் 20 கோல், 2009-10இல் 29 கோல். நான்கு எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் கோல் அடித்த முதல் ஆள் அவர்தான். 2007, 2009, 2010, 2012. இறுதி ஆட்டம் என்று வந்துவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள்.

மியூனிக், 2012 மே 19, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். எதிரணியின் சொந்த அரங்கம். பயர்ன் மியூனிக் இருபது கார்னர் எடுத்தது. 83ஆவது நிமிடத்தில் முல்லர் கோல். 88ஆவது நிமிடம், செல்சிக்குக் கிடைத்த ஒரே கார்னர். ஹுவான் மாட்டா அடிக்க, முன்கம்பத்துப் பக்கம் ட்ரோக்பா ஓடிவந்து தலையால் அடித்த வேகம்! பயர்ன் கோல்கீப்பர் நோயரின் கை பட்டும் நிற்கவில்லை. கடைசியில் பெனால்ட்டிகளில் ஐந்தாவது உதை அவருடையது. அமைதியாக ஓரத்தில் உருட்டிவிட்டார். செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக். நான் அன்று அழுதேன்.

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

தம்பி நீலச்சட்டை, உங்கள் கண்ணீரோடு சேர்த்து இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அதே ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் ரிபெரியை இடறிவிட்டு பெனால்ட்டி கொடுத்தவரும் அவர்தான். செல்சி கோல்கீப்பர் செக் அதைத் தடுத்தார். அதற்கு முன் பார்சிலோனாவுடன் அரையிறுதியிலும் ஃபாப்ரிகாஸை இடறிவிட்டு பெனால்ட்டி கொடுத்தார், மெஸ்ஸி குறுக்குக் கம்பத்தில் அடித்தார். 2008 மாஸ்கோ இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் விடிச்சைக் கன்னத்தில் தட்டிவிட்டு சிவப்பு அட்டை வாங்கினார், அணி பெனால்ட்டிகளில் தோற்றது. 2009 அரையிறுதிக்குப் பிறகு நடுவரைப் பார்த்து கேமரா முன்னாலேயே கத்தித் தடை வாங்கினார். இதையெல்லாம் குறை சொல்லவில்லை. அவர் புனிதர் இல்லை, கொதிப்பு உள்ள மனிதர். அப்படிப்பட்ட ஒருவர் மன்னிப்பைப் பற்றிப் பேசியதற்குத்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

நான் பல வருடம் தடுப்பாட்டத்தில் ஆடியவன். இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் பையன்களுக்கு நான் சொல்லும் ட்ரோக்பா கதை மியூனிக்கும் இல்லை, புவாக்கேயும் இல்லை. ல மான்.

ஐந்து வயதில் அபிஜானிலிருந்து தனியாக விமானத்தில் ஏற்றி பிரான்சுக்கு, சித்தப்பா மிஷேல் கோபாவிடம் அனுப்பினார்கள். அவர் கால்பந்து வீரர், ஊர் ஊராகக் கிளப் மாறுகிறவர். பிள்ளையும் கூடவே பள்ளி பள்ளியாக மாறியது. சில வருடத்தில் திரும்பி வந்து, மறுபடி போனார். சின்ன வயதில் வலது பின்வரிசையில் ஆடியவரை, முன்னால் போ என்று தள்ளியவர் அந்தச் சித்தப்பாதான். புகழ்பெற்ற அகாடமி எதிலும் அவர் வளரவில்லை. ல மான் கிளப் இரண்டாம் நிலை லீகில் ஆடியது. அங்கே காயம் மேல் காயம். முதல் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தானபோது வயது 21! இன்றைக்கு 17 வயதில் இடம் கிடைக்கவில்லை என்று பையன்கள் பந்தையே விட்டுவிடுகிறார்கள். கான்காம்ப் போன்ற ஒரு சின்ன ஊர்க் கிளப்பில் 2002-03இல் 17 லீக் கோல் அடித்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருடம் மார்சே, யூஇஎஃப்ஏ கோப்பை இறுதி, அதற்கடுத்த வருடம் செல்சி. 23 வயது வரைக்கும் யாருக்கும் தெரியாத ஆள்.

அவருக்கு எதிராகத் தடுப்பாட்டம் ஆடுவதைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். கோல் கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்பார். முதுகில் கைவைத்தால் அந்த அழுத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்வார். கைவைக்காமல் விட்டால் மார்பில் வாங்கித் திரும்பிவிடுவார். இரண்டு வழியும் அடைபட்டது போலத்தான்.

இரவுப்பணி எழுதியது:

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். நான் செவிலியர், கால்பந்து அறிவு குறைவு. ஆனால் இந்த இழையின் தலைப்பில் "ஊருக்குச் செய்தது" என்று இருப்பதால் மருத்துவமனையைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

2009இல் பெப்சி விளம்பரத்துக்காகக் கிடைத்த 30 லட்சம் பவுண்டை அபிஜானில் மருத்துவமனை கட்டக் கொடுப்பதாக அறிவித்தார். படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அபிஜானின் அத்தெக்குபே பகுதியில் இருந்த அந்த மருத்துவமனையைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் அரசுக்குக் கொடுத்தபோது, அது இன்னும் திறக்கப்படாமலே இருந்தது. அறிவிப்புக்கும் அதற்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல்.

நான் குற்றம் சாட்ட வரவில்லை. கட்டடம் கட்டுவது ஒரு வேலை, மருத்துவமனை நடத்துவது இன்னொரு வேலை. கட்டில், கருவி, மருந்து, மின்சாரம் எல்லாம் ஒருமுறை வாங்கிவிட்டால் முடிந்துவிடாது. இரவு மூன்று மணிக்கு யார் பணியில் இருப்பார்கள், அவர்களுக்கு மாதா மாதம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதுதான் மருத்துவமனை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நன்கொடையாக வந்த கருவி ஒன்று, பழுது பார்க்க ஆள் இல்லாமல் மூன்று வருடம் துணி போர்த்தி நின்றது. கொடுத்தவர் மனம் நல்ல மனம்தான். அதனால் ஒரு நட்சத்திரத்தின் சேவையைப் பேசும்போது, அறிவித்த நாளோடு நிறுத்தாமல் அதற்குப் பிறகு என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

நீலச்சட்டை எழுதியது:

அக்கா, இதில் ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். 2016இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் அவருடைய அறக்கட்டளையைப் பற்றி மோசமாக எழுதியது. அங்கே அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்தது. பணம் கையாடப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றுதான் முடிவு வந்தது. நிறைய பேர் முதல் செய்தியை மட்டும் படித்துவிட்டு இன்றும் பேசுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இரவுப்பணி எழுதியது:

ஆமாம் தம்பி, அதுவும் சொல்லப்பட வேண்டியதுதான். அதே விசாரணையில், நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பணம் எங்கே, எப்போது செலவாகிறது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்ற குறையும் சுட்டப்பட்டது. நேர்மையும் வேண்டும், கணக்கைத் திறந்து காட்டும் பழக்கமும் வேண்டும். பெரிய மனசு இருக்கிறவர்களுக்கே பல நேரம் இரண்டாவது மறந்துபோகிறது.

அந்த மருத்துவமனைக்கு லோரான் போக்கு என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் யாருடையது என்று தேடிப் பார்த்தேன், அவரும் கால்பந்து வீரராமே?

யானைக்கூட்டம் எழுதியது:

லோரான் போக்கு! அந்தப் பெயரைக் கேட்டதும்தான் உள்ளே வந்தேன்.

அம்மா, அவர் ட்ரோக்பாவுக்கு முந்தைய ட்ரோக்பா. 1970 ஆப்பிரிக்கக் கோப்பையில் எத்தியோப்பியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். ஆப்பிரிக்கக் கோப்பையில் மொத்தம் 14 கோல். 2008இல் கேமரூனின் சாமுவேல் எட்டோ தாண்டும்வரை அதுதான் சாதனை. 2016 நவம்பரில் இறந்துபோனார். தன் பெயரை வைக்காமல் மூத்தவர் பெயரை வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த நாட்டில் ஒரு லிட்டர் பீர் பாட்டிலுக்கே "ட்ரோக்பா" என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள், அவர் ஆட்டத்தைப் பார்த்து ஒரு நடனமே வந்தது. அவர் பெயருக்குப் பஞ்சம் இல்லை.

நான் ஆப்பிரிக்கக் கால்பந்தை மட்டுமே பின்தொடர்கிறவன். எனக்கு ட்ரோக்பா என்றால் செல்சிச் சட்டை ஞாபகம் வராது, தேசிய அணியின் அந்த ஆரஞ்சுச் சட்டைதான். அதில் 105 ஆட்டம், 65 கோல். அப்படியும் ஆப்பிரிக்கக் கோப்பை அவர் கைக்கு வரவில்லை. 2006 இறுதியில் கெய்ரோவில் எகிப்திடம் பெனால்ட்டிகளில் தோல்வி, அவர் அடித்ததை எல் ஹதாரி தடுத்தார். 2012 இறுதியில், காபோன் நாட்டின் லிப்ரவில் நகரில், ஜாம்பியா. 70ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்ட்டியை மேலே அடித்துவிட்டார். அது உள்ளே போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். 8-7 என்று பெனால்ட்டிகளில் போயிற்று. மூன்று மாதம் கழித்து மியூனிக்கில் அதே மனிதர் கடைசி பெனால்ட்டியை எடுக்க நடந்து போனபோது, எங்களுக்கு லிப்ரவில்தான் கண்ணில் நின்றது. 2014இல் தேசிய அணியிலிருந்து விலகினார். 2015இல் ஐவரி கோஸ்ட் கோப்பையை வென்றது. அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்னால் ஜப்பானுடன் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் முழங்கை உடைந்தது. கையில் கட்டோடு போய் பிரேசிலுக்கு எதிராகக் கோல் அடித்தார். அதே வருடக் கடைசியில் மலேரியா. காய்ச்சலோடே ஆடியிருக்கிறார், பரிசோதனைக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. மலேரியா என்பது ஏதோ ஏழை நாட்டுச் செய்தி என்று நினைத்திருந்த ஐரோப்பிய ரசிகர்கள் பலருக்கு அன்றுதான் அது நெருக்கமான பெயரானது.

வரைபடம் எழுதியது:

இனி கசப்பான பகுதி. யாராவது சொல்லியாக வேண்டும்.

புவாக்கே ஆட்டத்தோடு எல்லாம் சுபமாக முடியவில்லை. தள்ளித் தள்ளிப் போன தேர்தல் கடைசியில் 2010 நவம்பரில் நடந்தது. வட்டாரா ஜெயித்தார் என்று தேர்தல் ஆணையம் சொன்னது, பாக்போ இறங்க மறுத்தார். மறுபடி போர். 2011 ஏப்ரல் 11 அன்று பாக்போ கைதாவதற்குள் சுமார் 3,000 பேர் செத்தார்கள். 2005இல் முழங்காலிட்டுக் கேட்டவர்கள் அதைப் பார்க்க நேர்ந்தது.

எனக்கு அங்கேதான் ட்ரோக்பா மேல் மரியாதை கூடியது. அவர் ஒதுங்கியிருக்கலாம். என் வேலையை நான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். 2011 செப்டம்பரில் உருவான உரையாடல், உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். கேமரா முன்னால் முழங்காலிடுவது மாதிரி அது கிடையாது. கூட்டம், அறிக்கை, பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலம் என்று இழுக்கும் வேலை. அந்த ஆணையத்தின் பலன் போதவில்லை என்று விமர்சனங்கள் உண்டு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் தோற்ற பிறகும் வந்து உட்கார்ந்தாரே.

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

"தோற்ற பிறகும் வந்து உட்கார்ந்தார்" என்பதைப் படித்ததும் கால்பந்துச் சம்மேளனத் தேர்தல் ஞாபகம் வருகிறது. யானைக்கூட்டம் நண்பருக்கு விவரம் தெரியும் என்று நினைக்கிறேன்.

யானைக்கூட்டம் எழுதியது:

தெரியும் அண்ணே. 2022 ஏப்ரல். ஐவரி கோஸ்ட் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் பதவிக்கு நின்றார். முதல் சுற்றிலேயே மூன்றாவது இடம், வெறும் 21 வாக்கு. இத்ரிஸ் தியாலோ தலைவரானார். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. நாட்டிலேயே அதிகம் நேசிக்கப்படுகிறவர் எப்படித் தோற்பார் என்று கேட்டார்கள். மக்கள் அங்கே வாக்குப் போடுவதில்லை, கிளப் நிர்வாகிகள்தான் போடுகிறார்கள். வருடம் முழுக்க அவர்களோடு உட்கார்ந்து, உள்ளூர் லீகின் கஷ்டத்தைக் கேட்டு, நம்பிக்கை சம்பாதிக்க வேண்டும். முன்னாள் வீரர்கள் சங்கமே அவர் பக்கம் நிற்கவில்லை. அது வலிக்கத்தான் செய்திருக்கும்.

ஆனால் அவர் தோற்றது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கால்பந்து ஆடியதும் போரைப் பற்றிப் பேசியதும் ஒரு சம்மேளனத்தை நடத்துவதற்கான தகுதி ஆகிவிடாது. செவிலியர் அம்மா மருத்துவமனையைப் பற்றிச் சொன்னாரே, அதே கதை. திறமை வேறு, அன்றாடம் நடத்துவது வேறு.

புதுப்பந்து எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. மருத்துவமனை தாமதம், தேர்தல் தோல்வி எல்லாம் பார்த்தோம். அவர் சேவையில் ஓசையில்லாமல் நல்லபடியாக முடிந்த காரியம் எதுவும் இல்லையா?

இரவுப்பணி எழுதியது:

இருக்கிறது கண்ணு. இந்த இழைக்காகத் தேடியபோது எனக்குப் பிடித்தது ஒரு பள்ளிக்கூடம். 2018 ஜனவரியில் கான்யோவா பக்கம், கோகோ விளையும் கிராமமான போக்கு-குவாமேக்ரோவில் அவருடைய அறக்கட்டளையும் நெஸ்லேயும் சேர்ந்து ஒரு தொடக்கப் பள்ளி திறந்தார்கள். உலகத்துக் கோகோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த நாட்டில்தான் விளைகிறது. தோட்ட வேலைக்குப் பிள்ளைகள் போவது அங்கே பழைய நோய். பக்கத்தில் பள்ளி இல்லாவிட்டால் பிள்ளை அப்பாவோடு தோட்டத்துக்குத்தான் போகும், வேறு எங்கே போகும்? கோகோ வாங்கும் நிறுவனமே பள்ளி கட்டுவதில் அதன் நலனும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கரும்பலகை முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் அது தோட்டத்தில் கத்தி பிடிக்காத ஒரு நாள்.

அப்புறம், 2007இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் நல்லெண்ணத் தூதர், 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் விளையாட்டு, ஆரோக்கியத் தூதர். பட்டங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 2020இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இரண்டு மருத்துவர்கள், கொரோனா சிகிச்சையை ஆப்பிரிக்காவில் சோதித்துப் பார்க்கலாமே என்கிற மாதிரிப் பேசியபோது, ஆப்பிரிக்க மக்கள் சோதனை எலிகள் இல்லை என்று முதல் வரிசையில் நின்று கண்டித்தவர்களில் அவரும் எட்டோவும் இருந்தார்கள். எங்கள் துறையில் இருக்கிறவளாக அந்தக் கோபத்துக்கு நான் நன்றி சொல்கிறேன்.

நீலச்சட்டை எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்த பிறகு மியூனிக்கைப் பற்றி இனி இந்த இழையில் பேசப்போவதில்லை. வேறு இழையில் பேசுகிறேன்.

வலைக்குப்பின்னால், நீங்கள் தொடங்கியதற்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. "போரை நிறுத்தியவர்" என்று இனி நான் எழுத மாட்டேன். "புவாக்கேக்குப் போனவர்" என்று எழுதுகிறேன்.

வலைக்குப்பின்னால் எழுதியது:

நன்றி நண்பரே. உங்கள் பக்கமும் எனக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்தப் பேச்சையும் புவாக்கேயையும் நான் போட்டிக்கு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

புவாக்கே பெயர் வந்ததால் கடைசியாக ஒன்று. 2024 ஆப்பிரிக்கக் கோப்பை ஐவரி கோஸ்ட்டில் நடந்தது. புவாக்கே அரங்கத்தைப் பெரிதாக்கி, அமைதி அரங்கம் என்ற பெயரோடு அதையும் ஒரு மைதானமாக வைத்தார்கள். பிப்ரவரி 3, காலிறுதி. எதிரணி மாலி. வடக்கில் எத்தனையோ குடும்பங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள். முதல் பாதியிலேயே ஐவரி கோஸ்ட் பத்து பேராகச் சுருங்கியது. ஒரு கோல் பின்தங்கி, 90ஆவது நிமிடத்தில் சிமோன் அடிங்ரா சமன் செய்தார். கூடுதல் நேரமும் முடியப்போகிற கடைசி நொடிகளில் உமர் தியாக்கித்தே குதிகாலால் தட்டிவிட்டு 2-1. சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார், ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை இருந்ததால் சிவப்பு வாங்கினார், யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

எட்டு நாள் கழித்து அபிஜானின் எபிம்பே அரங்கத்தில் நைஜீரியாவை வென்று கோப்பையைத் தூக்கினார்கள். எனக்கு மனதில் நிற்பது புவாக்கே இரவுதான். எதிரிப் பக்கம் என்று ஒரு காலத்தில் பிரித்து வைத்திருந்த நகரத்தில், ஆரஞ்சுச் சட்டை போட்ட கூட்டம் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டே இருந்தது.

புதுப்பந்து, அந்த ஆட்டத்தின் முழுப் பதிவும் கிடைக்கும். 2007 ஆட்டத்துக்கு அடுத்ததாக அதையும் பாருங்கள்.